பாவோலோ கோன்தேயின் முதல் ஆல்பம்: பழைய இசைக்குள் தோற்றுப்போன ஒரு மனிதன்

இத்தாலியப் பாடகரும் பாடலாசிரியருமான பாவோலோ கோன்தே, 1974-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அது வெளிவந்த நாளிலேயே முப்பது ஆண்டு பழையதாக ஒலிக்கிறதே, இது கடந்த காலத்தின் மீதான ஏக்கத்தைக் காசாக்கும் வேலைதானா, அல்லது அதற்குள் தனித்த கலை ஏதும் இருக்கிறதா, இத்தாலிய மொழி தெரியாத ஒருவர் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கலை இருக்கிறது என்பதே என் பதில். பழைய இசையை கோன்தே அலங்காரத்துக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பாடல்களில் இசை ஒன்றைச் சொல்கிறது, சொற்கள் வேறொன்றைச் சொல்கின்றன. டாங்கோ, வால்ட்ஸ், ஸ்விங் ஆகிய பழைய நடன இசை வகைகள் பாடலில் வரும் மனிதன் எப்படி வாழ ஆசைப்பட்டான் என்பதைச் சொல்ல, பாடல் வரிகள் அவன் உண்மையில் எப்படி வாழ்கிறான் என்பதைச் சொல்கின்றன. இந்த இடைவெளியில்தான் அந்த ஆல்பத்தின் முழு அழகும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோன்தே 1937 ஜனவரி 6-ஆம் நாள் வட இத்தாலியில், பியமோந்தே பகுதியைச் சேர்ந்த ஆஸ்டி நகரில் பிறந்தவர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த, கடலைப் பார்க்க மலை தாண்டிப் போக வேண்டிய சிறு நகரம் அது. சட்டத்தோடு தொடர்புடைய குடும்பம். அவரும் சட்டம் படித்து ஆஸ்டியிலேயே வழக்கறிஞராகத் தொழில் செய்தார். தம்பி ஜோர்ஜோ கோன்தேயும் வழக்கறிஞர், பாடலாசிரியர். வீட்டில் ஜாஸ் மோகம் இருந்தது. இளம் வயதில் பாவோலோ டிராம்போனும் வைப்ரபோனும் வாசித்தார், நண்பர்களோடு சிறு ஜாஸ் குழு அமைத்தார், 1962-இல் தன் நால்வர் குழுவின் பெயரில் ஒரு சிறு இசைத்தட்டும் வெளியிட்டார். அந்தத் தட்டை வாங்கியவர்கள் சிலரே. ஆனால் இந்த மனிதர் பழைய ஜாஸை நூலகத்தில் ஆராய்ந்து கண்டுபிடித்தவரல்ல, பிள்ளைப் பருவம் முதல் அதற்குள்ளேயே இருந்தவர் என்பதை அந்தச் செய்தி காட்டுகிறது.

அவர் பிள்ளைப் பருவத்தில் கேட்ட ஜாஸ் எத்தகைய சூழலில் இத்தாலிக்குள் நுழைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சிக்கு அமெரிக்க இசை பிடிக்கவில்லை. ஆனால் அதை முற்றிலும் ஒழிக்கவும் அந்த ஆட்சியால் முடியவில்லை. 1935-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியமோந்தே பகுதியின் டூரின் நகருக்கே வந்து வாசித்துவிட்டுப் போனார். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு கெடுபிடி கூடியது. அமெரிக்கா செல்லும் கப்பல்களில் டிரம்ஸ் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய நத்தலீனோ ஓட்டோ என்ற பாடகரை, அவருடைய பாட்டு மிகவும் அமெரிக்கத்தனமாக இருக்கிறது என்று அரசு வானொலி ஒதுக்கியது. அமெரிக்கப் பாடல்களின் பெயர்களை இத்தாலியமாக்கி, ஊர் அடையாளத்தை மறைத்து ஒலிபரப்பினார்கள். கோர்னி கிராமர் போன்றவர்கள் மார்பில் தொங்கவிட்டுத் துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் கருவியான அக்கார்டியனில் ஸ்விங் வாசித்து, அதை இத்தாலியச் சரக்காகவே மக்களிடம் சேர்த்தார்கள். ஆக, கோன்தேயின் தலைமுறைக்கு அந்த இசை ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல. வெளியே ஒரு பெரிய உலகம் இருக்கிறது, அங்கே விளக்குகள் எரிகின்றன, அது நமக்கு எட்டவில்லை என்று சொன்ன குரலும் அதுவே. 1974-இன் ஆல்பத்தைக் கேட்கும்போது இந்த எட்டாமையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பாடகராவதற்கு முன் அவர் மற்றவர்களுக்கு மெட்டமைத்துக் கொடுப்பவராகவே அறியப்பட்டார். 1968-இல் பாடகர் ஆத்ரியானோ செலன்தானோ பாடிய 'அட்சூரோ' பாடலின் இசை கோன்தேயுடையது, வரிகள் வீத்தோ பல்லவிச்சீனியுடையவை. இன்றும் இத்தாலியர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் தானாக வாயில் வரும் பாட்டு அது. அதே ஆண்டில் பாடகி கத்தெரீனா கசெல்லிக்கும், 1970-இல் பாடகர் என்சோ யன்னாச்சிக்கும் அவர் தந்த பாடல்களும் பரவலாகப் புகழ்பெற்றன. 'அட்சூரோ'வின் உள்ளடக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அணிவகுப்புபோல நடைபோடும் உற்சாகமான மெட்டு. ஆனால் கதையோ, காதலி கடற்கரைக்குப் போய்விட, கோடை வெயிலில் காலியான நகரத்தில் தனியாக விடப்பட்ட ஒருவனுடையது. சிறுவயதில் தேவாலயத்து முற்றத்தில் கழித்த வெறுமையான ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொண்டு, ரயிலேறிப் போகலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறான் அவன். வரிகளை எழுதியவர் வேறொருவர் என்றாலும், துள்ளும் இசைக்கும் துவண்ட மனிதனுக்கும் இடையிலான அந்த விலகல் அங்கேயே தொடங்கிவிட்டது.

தன் பாடல்களைத் தானே பாட வேண்டும் என்ற எண்ணம் கோன்தேக்கு எளிதில் வரவில்லை. ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் இத்தாலியக் கிளையில் தயாரிப்பாளராக இருந்த லில்லி க்ரேகோ, இந்தப் பாடல்களை எழுதியவரே பாடினால்தான் அவற்றின் உண்மையான நிறம் தெரியும் என்று வற்புறுத்தியதால்தான் அந்த முதல் ஆல்பம் உருவானது. அப்போது கோன்தேக்கு முப்பத்தேழு வயது. தொழில் இன்னமும் வழக்கறிஞர் தொழில்தான். பயிற்சி பெற்ற பாடகரின் குரல் அல்ல அவருடையது. கரகரப்பான குரல், சில இடங்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது, நீண்ட சுரத்தைப் பிடித்து நிறுத்திக் காட்டும் ஆசை அதற்கு இல்லை. இத்தாலியப் பாட்டு மரபு அழகிய, திறந்த, உயர்ந்து எழும் குரலைப் போற்றிய மரபு. அந்த மரபில் பழகிய காதுகளுக்கு இந்தக் குரல் குறையாகவே பட்டிருக்கும். ஆனால் இந்தப் பாடல்களில் வரும் மனிதர்கள் மேடைப் பாடகர்கள் அல்லர். அவர்கள் மதுக்கடைக்காரர்கள், தனிக்கட்டைகள், கடலில் விழுந்தவர்கள். அவர்களுடைய வாயிலிருந்து தேர்ந்த குரல் வந்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டின் இத்தாலியையும் ஒரு கணம் பார்த்துவிடுவோம். விவாகரத்துச் சட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று 1974 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அதே மாதம் பிரெஷா நகரச் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. ஆகஸ்டில் ஒரு ரயிலில் குண்டு வெடித்தது. பாடல்களை எழுதித் தாமே பாடும் இளைய தலைமுறையினர் அரசியலையும் கவிதையையும் கிட்டாரோடு கலந்துகொண்டிருந்தார்கள். ஃபிரான்செஸ்கோ தெ கிரெகோரி இதே ஆண்டில் இதே நிறுவனத்துக்காகப் புதிர்போன்ற வரிகள் கொண்ட ஓர் ஆல்பத்தை வெளியிட்டார். லூச்சோ பத்தீஸ்தி தென்னமெரிக்கத் தாளங்களையும் சிந்தசைசரையும் இணைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். நீண்ட ராக் படைப்புகளை வாசித்த குழுக்கள் உச்சத்தில் இருந்தன. இத்தனைக்கும் நடுவில் ஒரு மாகாண வழக்கறிஞர் பியானோ முன்னால் அமர்ந்து, தாத்தா காலத்து நடன அரங்கின் தாளங்களில் பாடுகிறார். காலத்துக்கு ஒவ்வாததாக அது தோன்றியதில் வியப்பில்லை.

அந்த ஒவ்வாத தன்மையை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அக்கார்டியன் ஒன்றே போதிய சான்று. ஆல்பத்தின் இரண்டு பாடல்களின் தலைப்பிலேயே அக்கார்டியன் இருக்கிறது. ஒன்றில் ஒரு பெண்ணையே அக்கார்டியனாகப் பார்க்கிறார், மற்றதில் ஸ்த்ராதெல்லா ஊரின் அக்கார்டியன் வருகிறது. இந்த ஸ்த்ராதெல்லா கற்பனை ஊரல்ல. பவீயா மாவட்டத்தில், போ நதிச் சமவெளியின் ஓரத்தில் இருக்கும் சிறு நகரம். 1876-இல் மரியானோ தல்லப்பே அங்கே அக்கார்டியன் பட்டறை தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் பெரும்பாலான அக்கார்டியன்களில் இடது கைப் பக்கம் இருக்கும் பொத்தான் அமைப்பு அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அந்த அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் கோன்தேயின் இசைக்குள் நுழைய ஒரு வழி கிடைக்கும். முழு அளவு அக்கார்டியனில் இடது கைக்கு நூற்றிருபது பொத்தான்கள் உண்டு. அவை சாய்ந்த வரிசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு நெடுவரிசைகள் தனித்த கீழ்ச் சுரங்களைத் தரும். மற்ற நான்கில் ஒவ்வொரு பொத்தானும் ஒரே அழுத்தத்தில் ஒரு முழு கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டொலியை, தரும். வாசிப்பவர் ஒரு விரலால் கீழ்ச் சுரத்தையும் அடுத்த விரலால் கார்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் அணிவகுப்புத் தாளம் வந்துவிடும். ஒரு முறை கீழ்ச் சுரம், இரண்டு முறை கார்டு என்று அழுத்தினால் வால்ட்ஸ் வந்துவிடும். வலது கை அதன் மேல் மெட்டை வாசிக்கும். அதாவது, நாற்காலியில் அமர்ந்த ஒரே மனிதர் ஓர் ஊரையே ஆட வைக்கலாம். இசைக்குழுவை அமர்த்த வசதியில்லாத கிராமத்துக்கும் சிறு மதுக்கடைக்கும் அக்கார்டியன் அதனால்தான் ஆர்க்கெஸ்ட்ராவாக இருந்தது. வசதி குறைந்தவர்களின் ஆடம்பரம் அது.

அறுபதுகளில் மின்கிட்டார் வந்தபோது அந்த ஆடம்பரம் ஒரே வீச்சில் கிழடு தட்டிப்போனது. இளைஞர்கள் அக்கார்டியன் வகுப்புகளைக் கைவிட்டார்கள், பட்டறைகள் நொடித்தன. 1974-இல் ஒரு பாட்டின் தலைப்பில் அக்கார்டியனை வைப்பது, கூட்டத்தில் எல்லோரும் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து அணிந்துகொண்டு வந்து நிற்பதற்குச் சமம். கோன்தே அதைக் கேலியாகச் செய்யவில்லை, கண்ணீரோடும் செய்யவில்லை. தோற்றுப்போன ஒரு கருவி தோற்றுப்போன மனிதர்களுக்குப் பொருத்தமான துணை என்று அவர் கண்டுகொண்டார். அந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

தோற்றுப்போன அந்த மனிதர்களில் முதன்மையானவன் ஒரு மதுக்கடைக்காரன். உன்னோடு இருக்கையிலேயே நான் மேலும் மேலும் தனியனாகிறேன் என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட பாடலில் அவன் அறிமுகமாகிறான். கடை திவாலாகிவிட்டது. சொத்துகளைக் கணக்கெடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கிட நீதிமன்றம் நியமித்த அதிகாரி வந்திருக்கிறார். கடையை இழந்தவன் அந்த அதிகாரியைத் திட்டவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், இன்று எனக்கு ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்தார் என்கிறான். அந்தக் காபியில் நிற்க வேண்டும். நேற்றுவரை மற்றவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவன், இன்று தன் கடையை மூட வந்தவரின் கையால் ஒரு கோப்பை பெற்றுக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்கிறான். அவமானமும் மரியாதையும் ஆறுதலும் அந்தக் கோப்பைக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. நீதிமன்ற நடைகளில் நொடித்துப்போனவர்களை அருகிலிருந்து பார்த்த ஒரு வழக்கறிஞருக்கே இந்த விவரம் தோன்றும். அந்த அதிகாரியின் பதவியைக் குறிக்கும் திவால் சட்டக் கலைச்சொல் பாட்டுக்குள் வந்து அமர்ந்து, அது பாட்டாகவும் இருப்பது சாதாரணக் காரியமல்ல.

இந்த மனிதனை கோன்தே அந்த ஒரு பாட்டோடு விட்டுவிடவில்லை. 1975-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் அவன் கடையை மீண்டும் திறக்கிறான். அந்தப் பாட்டின் தலைப்பிலேயே கடையின் பெயர் தெரிகிறது, மொகாம்போ. ஹாலிவுட்டில் 1941-இல் தொடங்கி நடிகர் நடிகைகள் கூடிய இரவு விடுதி ஒன்றும் அதே பெயர் கொண்டது. அந்தப் பெயரை ஒரு வட இத்தாலியச் சிற்றூர்க் கடையின் பலகையில் பார்க்கும்போதே அந்த மனிதனின் ஆசை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது புரிந்துவிடுகிறது. இப்போது அவன் ஓர் ஆஸ்திரியப் பெண்ணோடு வாழ்கிறான், உணவறைக்குப் பழுப்பு நிறத்தில் தட்டுமுட்டுகள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், மாலையில் பேச்சே இல்லை, ஏனென்றால் அவனுக்கு ஜெர்மன் தெரியாது. பெயர்ப்பலகையில் ஹாலிவுட், வீட்டுக்குள் பழுப்பு மேசையும் மௌனமும். கோன்தே இந்தக் கதையைப் பத்தாண்டுகள் கழித்தும், அதன் பிறகும் தொடர்ந்தார். ஆனால் அதன் விதை 1974-இன் அந்தக் காபிதான்.

முதல் ஆல்பத்தில் பரவலாகத் தெரிந்த பாட்டு, அலைமேல் அலை என்ற பொருள் தரும் 'ஓந்தா சு ஓந்தா'. அதே ஆண்டில் பாடகர் ப்ரூனோ லாவுட்சி பாடி அது புகழ்பெற்றது. உல்லாசக் கப்பலில் நடனம் நடந்துகொண்டிருக்கும் இரவில் ஒருவன் கடலில் விழுந்துவிடுகிறான். யாரும் கவனிக்கவில்லை. விளக்குகளோடு விலகிச் செல்லும் கப்பல் நீலத்தில் தொலைந்த மின்மினியாகச் சுருங்குகிறது. மேல்தளத்தில் அவனுடைய சாரா கண்களை மூடிக்கொண்டு வேறொருவனை அணைத்து ஆடிக்கொண்டிருக்கிறாள். இங்கே ஒரு சாதாரணப் பாடலாசிரியர் அழுதிருப்பார். கோன்தேயோ அவனை அலைகளோடு ஒரு தீவில் ஒதுக்குகிறார். இதமான காற்று, பனைகள், மூங்கில்கள், ஒருவித மகிழ்ச்சிகூட. அந்தத் தீவு உண்மையா, மூழ்கிக்கொண்டிருப்பவனின் கடைசிக் கற்பனையா என்று பாட்டு சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது சரியான முடிவு. மெட்டு ஓய்வெடுக்கும் படகைப்போல மெல்ல ஆடிக்கொண்டே இருப்பதால், கேட்பவர் அவனுடைய மரணத்துக்கும் விடுமுறைக்கும் நடுவில் மிதக்கிறார். லாவுட்சியின் மென்மையான குரலில் அது இனிய கதையாகவே முடிந்துவிடுகிறது. கோன்தேயின் குரலில் உப்பு நீர் குடித்தவனின் கரகரப்பு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். லில்லி க்ரேகோ ஏன் வற்புறுத்தினார் என்பது விளங்கும்.

இப்போது உங்கள் முதல் ஐயத்துக்கு நேரடியாக வருகிறேன். பழமையை விற்கும் வேலை அந்த ஆண்டுகளில் இத்தாலியில் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. ரொமாஞ்ஞா பகுதியின் பழைய நடன இசை, ராவுல் கசாதேயியின் குழுவால் எழுபதுகளில் நாடெங்கும் மறுபடி புகழ்பெற்றது. கடற்கரை நடனத் தளங்கள் வால்ட்ஸாலும் போல்காவாலும் நிரம்பின. அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆட விரும்பியவர்களுக்கு ஆட்டத்தைத் தந்த நேர்மையான இசை அது. ஆனால் அங்கே இசையும் சொற்களும் ஒரே திசையில் போகின்றன. எல்லோரும் கூடினோம், ஆடினோம், நல்ல நாள் என்று இரண்டும் ஒத்துச் சொல்கின்றன. கோன்தேயிடம் அவை பிரிகின்றன. தாளம் ஆட அழைக்கிறது, பாடுபவன் ஆட முடியாத நிலையில் இருக்கிறான். ஏக்கத்தைத் தூண்டும் இசை கேட்பவரை மீட்டுக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் இறக்கிவிடும். கோன்தேயின் இசை நம்மை அந்த இடத்தின் வாசல்வரை அழைத்துச் சென்று, உள்ளே விளக்கு எரிவதைக் காட்டி, இவனுக்கு அங்கே நுழைவில்லை என்று சொல்லிவிடுகிறது.

இதை மேலும் தெளிவாகக் காட்டும் பாட்டு இரண்டாவது ஆல்பத்தில்தான் இருக்கிறது என்பதால், எல்லையைச் சற்றே தாண்டுகிறேன். அடர்சிவப்பு நிறத் தொப்போலீனோ காரைப் பற்றிய பாட்டு அது. தொப்போலீனோ என்பது 1936-இல் ஃபியட் நிறுவனம் கொண்டுவந்த குட்டிக் கார். காலம் 1946 கோடை. பெட்ரோல் விலை ஏறிவிட்டது, ஒரு லிட்டர் ஒரு கிலோ கீரையின் விலை, ஆனாலும் நடந்து போக யாருக்கு மனம் வரும் என்று பாடியபடி ஒருவன் பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போகிறான். லகானைக் கொஞ்சம் தளர்த்தினால் இந்தக் குட்டி வண்டி லான்சியாவின் அப்ரீலியா காரைப்போலவே பறக்கிறதாம். பிறகு திடீரென்று அவளிடம் சொல்கிறான்: ஜன்னல் வழியாகப் பார்க்காதே, அங்கே காட்சி சரியில்லை, பத்து வீடுகளில் ஆறு இடிந்து கிடக்கின்றன, கூரையைத் திறந்து மேலே வானத்தைப் பார். போர் என்ற சொல்லே இல்லாமல் போருக்குப் பிந்தைய இத்தாலி முழுவதும் இந்த ஒரு வேண்டுகோளில் அடங்கிவிடுகிறது. உற்சாகமான அந்தத் தாளம் எதை மறைப்பதற்காக ஓடுகிறது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

பாட்டு வந்த காலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் நெருக்கடியால் 1973 டிசம்பர் 2 முதல் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை இருந்தது. மக்கள் சைக்கிளிலும் குதிரைவண்டியிலும் போனார்கள், பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு ஈராண்டுகளுக்குள், பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று ஒரு பாட்டு தொடங்கினால், கேட்பவர் 1946-ஐ மட்டும் நினைத்திருக்க முடியாது. கோன்தேயின் பழமை தன் நிகழ்காலத்தை மறந்த பழமை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பழைய உடையில் வருவதால் அந்த நிகழ்காலம் முழக்கமாக மாறாமல் தப்பிக்கிறது என்பதும் என் கருத்து.

ஊரும் இந்த இசையில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆஸ்டியிலிருந்து ஜெனோவாவின் கடல் அதிகத் தொலைவில் இல்லை, ஆனால் இடையில் அப்பெனைன் மலைத்தொடர் நிற்கிறது. 1975-இல் முதலில் லாவுட்சியும் பின்னர் கோன்தேயும் பாடிய ஜெனோவா பற்றிய பாட்டில், உள்நாட்டுக்காரர்கள் அந்தத் துறைமுக நகரத்தை ஈர்ப்போடும் அச்சத்தோடும் பார்க்கிறார்கள். இரவிலும் அசைந்துகொண்டே இருக்கும் கடல் அவர்களைக் கலவரப்படுத்துகிறது. 'அட்சூரோ'வில் காதலி போய்விட்ட இடமும் கடல், 'ஓந்தா சு ஓந்தா'வில் மனிதன் விழுந்த இடமும் கடல். கடலோரத்தில் பிறந்தவர் கடலை இப்படி எழுதமாட்டார். மழையும் பனிமூட்டமும் மிகுந்த சமவெளியில், வானொலியில் ரம்பா கேட்டபடி வெப்ப நாடுகளைக் கற்பனை செய்த சிறுவனின் கடல் இது. தென்னமெரிக்கத் தாளங்கள் அவருக்கு அங்கே போய்ப் பெற்ற அனுபவமாக வரவில்லை. வானொலி வழியாக வந்த கனவாகவே வந்தன. அவர் அதை மறைக்கவும் இல்லை.

ஆல்பம் வெளியானபோது பெரிதாக விற்கவில்லை. கவனித்தவர்கள் சிலர், அவர்களில் சான்ரேமோ நகரில் பாடலாசிரியர்களுக்கென விழா நடத்திய தென்கோ கழகத்தினர் முக்கியமானவர்கள், 1976-இல் அவரை மேடையேற்றினார்கள். 1979-இல் வந்த 'உன் ஜெலாத்தோ அல் லிமோன்', 1981-இல் வந்த 'பாரிஸ் மிலோங்கா' ஆகிய ஆல்பங்களுக்குப் பிறகுதான் பரந்த வெற்றி கிடைத்தது. எண்பதுகளில் பாரிஸ் அவரைத் தன் பாடகராகவே ஏற்றுக்கொண்டது. 2023 பிப்ரவரியில், எண்பத்தாறு வயதில், மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அவர் பாடினார். ஓபராவின் கோயிலாகக் கருதப்படும் அந்த மேடையை இத்தகைய பாடல்களுக்குத் திறக்கலாமா என்று சிலர் எதிர்த்தார்கள். எனக்கு அந்த எதிர்ப்பு சிறிதும் நியாயமாகப் படவில்லை.

இன்றைய தலைமுறையிலும் பழைய ஒலியை நாடுபவர்கள் உண்டு. பாடகர் அந்திரேயா லாஸ்லோ தெ சிமோனே அறுபது எழுபதுகளின் இத்தாலியப் பாடல்களின் மங்கலான ஒலியை மீட்டெடுக்கிறார்; ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்துக்கு அமைத்த இசைக்காக 2024-இல் பிரான்சின் திரைப்பட விருதான செசாரும் பெற்றார். 2025-இல் சான்ரேமோ பாடல் போட்டி விழாவில் இரண்டாம் இடம் பெற்ற லூச்சோ கோர்சி எழுபதுகளின் மினுங்கும் ராக் உடையில் வருகிறார். இருவரும் திறமையானவர்கள். ஆனால் அவர்கள் மீட்டெடுப்பது அவர்கள் பிறப்பதற்கு முந்தைய இசை. கோன்தே கையாண்டதோ தன் காதிலேயே தங்கிவிட்ட இசை. அந்த வேறுபாட்டால் ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று ஆகாது. ஆனால் கோன்தேயின் ஒலியில் ஏன் அருங்காட்சியகத்தின் வாடை இல்லை என்பதற்கு அது ஒரு காரணம்.

மொழி தெரியாமல் கேட்பதைப் பற்றி: தாராளமாகக் கேட்கலாம், ஆனால் ஒரு வரிசையில் கேளுங்கள். முதலில் செலன்தானோவின் 'அட்சூரோ'. மெட்டமைப்பாளராக கோன்தேயின் கை அதில் தெரியும். அடுத்து 'ஓந்தா சு ஓந்தா'வை லாவுட்சியின் குரலிலும் பிறகு கோன்தேயின் குரலிலும். அதன்பின் மதுக்கடைக்காரனின் பாட்டு. அந்தப் பாட்டுக்கு மட்டும் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை முழுமையாகப் படித்துவிட்டு, பிறகு படிக்காமல் கேளுங்கள். காபி வரும் இடத்தை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிக் கடக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பிறகு ஸ்த்ராதெல்லாப் பாட்டு, அதன் பிறகு முழு ஆல்பம். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் இது இனிய பழைய இசையாக மட்டுமே கடந்துபோகும், அதனால் முதல் இரண்டு முறையாவது உட்கார்ந்து கேளுங்கள்.

வாங்கும்போதோ இணையத்தில் தேடும்போதோ ஒரு குழப்பம் வரக்கூடும். 1974 ஆல்பமும் 1975 ஆல்பமும் ஒரே தலைப்பைக் கொண்டவை, இரண்டிலும் பாடகரின் பெயர் மட்டுமே இருக்கும். பாடல் பட்டியலில் 'ஓந்தா சு ஓந்தா' இருந்தால் அது முதலாவது. தொப்போலீனோ கார்ப் பாட்டு இருந்தால் அது இரண்டாவது. பிற்காலத் தொகுப்புகளிலும் மேடைப் பதிவுகளிலும் இதே பாடல்கள் பெரிய இசைக்குழுவோடு, மேலும் மெருகேறிய வடிவில் கிடைக்கின்றன, அவை அழகானவையே. ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை, பாடத் தயங்கிய வழக்கறிஞரின் குரல் அப்படியே பதிவான முதல் இசைத்தட்டில்தான் இருக்கிறது, ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.